4.7 ஜிபி டிவிடியில் 4.5 ஜிபி ஏன் ஏறவில்லை?

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. கடை வாசலில் மாட்டியிருந்த சிசிடிவி கேமராவின் பதிவைத் தாக்கல் செய்ய வேண்டும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பார்த்தால் 4.5 ஜிபி என்கிறது. டிவிடி உறையில் 4.7 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எழுதியது போக 0.2 ஜிபி மிஞ்சும் என்று நம்பி வட்டைச் செருகினால், இடம் போதாது என்று கணினி கைவிரிக்கிறது. வட்டு போலி என்று முடிவு கட்டி, மாசி வீதிப் பக்கம் போய் வேறு கம்பெனி வட்டு வாங்கி வந்தாலும் அதே பதில்தான். வட்டிலும் குறை இல்லை, கணினியிலும் குறை இல்லை. இரண்டும் வேறு வேறு படியால் அளக்கின்றன.

பாக்கெட்டில் பென் டிரைவ் இருக்கும்போது வட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒருமுறை எழுதி மூடிய டிவிடி-ஆர் வட்டில் இருக்கும் ஃபைலைப் பிறகு யாரும் திருத்த முடியாது, புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் முடியாது, வைரஸும் ஏறாது. அதனால்தான் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் ஸ்கேன் நிலையங்களிலும் கல்யாண ஸ்டுடியோக்களிலும் அது இன்னும் புழங்குகிறது. எங்கெல்லாம் புழங்குகிறதோ அங்கெல்லாம் இந்த இடக் கணக்கில் வட்டுகள் வீணாகின்றன. கணக்கு ஒன்றும் கடினமல்ல. எந்த எண்ணை எண்ண வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இரண்டு படிகள்

டிவிடி தயாரிப்பவருக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸுக்கு 1 ஜிபி என்றால் 1024-ஐ மூன்று முறை பெருக்கியது, அதாவது 1,07,37,41,824 பைட். ஒரே நெற்குவியலைச் சின்னப் படியால் அளந்தால் 47 வரும், பெரிய படியால் அளந்தால் 44-க்குள் முடியும். குவியல் அதேதான். உறையில் இருக்கும் 4.7 ஜிபி, விண்டோஸ் கண்ணுக்கு 4.38 ஜிபி. ஃபோல்டரின் 4.5 ஜிபி என்பது 483 கோடியே 18 லட்சம் பைட். டிவிடி-ஆர் வட்டின் முழு இடமே 470 கோடியே 73 லட்சம்தான். 12 கோடியே 45 லட்சம் பைட் வெளியே நிற்கிறது.

இந்தக் குழப்பம் சிடி காலத்தில் இவ்வளவு இல்லை. காரணம் சுவையானது. 700 எம்பி சிடியின் உறையில் போட்ட எண் பெரிய படியில் அளந்தது: 80 நிமிட வட்டில் 73,72,80,000 பைட், அதை 1024-ஆல் இரண்டு முறை வகுத்தால் 703. விண்டோஸும் 700-ஐ ஒட்டித்தான் காட்டியது. உறையும் திரையும் ஒத்துப்போயின. டிவிடி வந்தபோது தயாரிப்பாளர்கள் சின்னப் படிக்கு மாறிக்கொண்டார்கள், விண்டோஸ் மாறவில்லை. சிடியில் பழகிய கை டிவிடியில் ஏமாந்தது அதனால்தான். ப்ளூ-ரேயிலும் அதே நிலைதான்: உறையில் 25 ஜிபி, திரையில் 23.3.

ஸ்டுடியோக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆப்பிள் கணினிகள் 2009-இல் வந்த 10.6 பதிப்பு முதல் ஃபைல் அளவை 1000-ஆல் வகுத்துத்தான் காட்டுகின்றன. மேக்கில் எடிட் செய்து 4.6 ஜிபி என்று பார்த்த வீடியோ, விண்டோஸில் 4.28 என்று தெரியும். இளைத்துவிட்டது என்று பதற வேண்டாம். இரண்டு கணினி உள்ள இடத்தில் ஜிபி பேச்சை விட்டுவிட்டு பைட்டில் பேசுவதே நல்லது. விண்டோஸில் ஃபைலின் பிராப்பர்ட்டீஸ் திறந்தால், ஜிபி எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முழு பைட் கணக்கு இருக்கும். அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

செக்டர்தான் வட்டின் எண்ணிக்கை

வட்டுக்கு ஜிபி தெரியாது. அதற்குத் தெரிந்தது செக்டர், அதாவது வட்டில் எழுதும் சின்னக் கட்டம். டேட்டா வட்டில் ஒரு செக்டர் என்றால் 2,048 பைட். டிவிடி-ஆர் வட்டில் 22,98,496 செக்டர். சில தயாரிப்புகளில் இதைவிடச் சில நூறு குறைவு. டிவிடி+ஆர் வட்டில் 22,95,104. நடுவில் இருக்கும் கோடா கூட்டல் குறியா என்பதைக் கடையில் யாரும் பார்த்து வாங்குவதில்லை. ஆனால் இரண்டுக்கும் 3,392 செக்டர் வித்தியாசம், ஏறத்தாழ 69 லட்சம் பைட். விளிம்பு வரை நிரப்பிய டிவிடி-ஆர் வட்டை ஐஎஸ்ஓவாக (முழு வட்டின் நகலை ஒரே ஃபைலாக) எடுத்து டிவிடி+ஆர் வட்டில் நகல் போட்டால் கடைசி 69 லட்சம் பைட்டுக்கு இடம் இராது. நல்ல மென்பொருள் எழுதத் தொடங்கும் முன்பே நிறுத்திவிடும். கவனிக்காத மென்பொருள் கடைசி நிமிடத்தில் நின்று வட்டைக் குப்பையாக்கும்.

இரட்டை அடுக்கு டிவிடி+ஆர் வட்டில் 41,73,824 செக்டர், உறையில் 8.5 ஜிபி, விண்டோஸில் 7.96. ஒற்றை அடுக்கு ப்ளூ-ரேயில் 1,22,19,392 செக்டர். ப்ளூ-ரேயில் ஒரு உள்குத்து உண்டு: கெட்ட இடங்களுக்கு மாற்றிடம் ஒதுக்கும் வகையில் ஃபார்மட் செய்தால், வழக்கமான அமைப்பில் 3,93,216 செக்டர் அதற்கே போய்விடும். 768 எம்பி காணாமல் போனது ஏன் என்று தேடுபவர்களுக்கு விடை அதுதான்.

ஒரே சிடியில் 700, 800 இரண்டும் எப்படி?

சிடி வட்டு பாட்டுக்காகப் பிறந்தது. அதனால் அதன் அடிப்படைக் கணக்கு நிமிடம். ஒரு விநாடிக்கு 75 செக்டர். 80 நிமிடத்துக்கு 3,60,000. ஒவ்வொரு செக்டரிலும் உண்மையில் 2,352 பைட் இடம் இருக்கிறது. அதை யார் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம்.

பாட்டு சிடியில் 2,352 பைட்டும் ஒலிக்கே. நடுவில் ஒரு பைட் தவறினால் பிளேயர் பக்கத்தில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிடும், காதுக்குத் தெரியாது. டேட்டா வட்டில் அப்படி ஒப்பேற்ற முடியாது. ஒரு பைட் மாறினாலும் ஸிப் ஃபைல் கெட்டுப்போகும். ஆகவே 304 பைட்டை அடையாளத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் ஒதுக்குகிறார்கள்: ஒத்திசைவுக்கு 12, முகவரிக்கு 4, பிழை கண்டறிய 4, வெறுமனே விட்டது 8, பிழை திருத்த 276. மீதி 2,048. பழைய விசிடி நடுவழியில் போனது. படத்தில் ஒரு புள்ளி சிதறினால் பெரிய நஷ்டமில்லை என்பதால் 276 பைட் பிழைத் திருத்தத்தை விட்டுவிட்டு 2,324 பைட்டைப் படத்துக்குக் கொடுத்தது. 80 நிமிட விசிடியில் 83,66,40,000 பைட், விண்டோஸ் கணக்கில் ஏறத்தாழ 798 எம்பி.

பழைய கல்யாண விசிடிகளைப் பத்திரப்படுத்துபவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். வட்டைப் போட்டால் ஒரு டாட் (.dat) ஃபைல் 780 எம்பி என்று காட்டும். கணினியில் நகலெடுத்து, அதே ஃபைலைப் புதிய 700 எம்பி சிடியில் டேட்டாவாக எழுதப் பார்த்தால் ஏறாது. சிடியிலிருந்து வந்தது சிடிக்கே திரும்பப் போகவில்லையே என்று தோன்றும். எழுதும் மென்பொருளில் விசிடி வகையைத் தேர்ந்தால் ஏறும், ஏனென்றால் அப்போது செக்டர் 2,324 ஆகிறது. பத்திரப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் விசிடியாக மறுபடி எழுதாதீர்கள். அந்தப் பிழைத் திருத்தம் இல்லாத வட்டில் இருபது வருடம் கழித்து எடுக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம். டிவிடியில் டேட்டாவாக வையுங்கள். ஐந்து விசிடி ஒரு டிவிடிக்குள் அடங்கும்.

நாதஸ்வரக் கச்சேரிப் பதிவுகளிலும் இதே கணக்கு வரும். 80 நிமிட ஒலி வேவ் ஃபைலாக 84,67,20,000 பைட், 807 எம்பி. பாட்டு சிடியாக எழுதினால் ஒரே வட்டு, டேட்டாவாக எழுதினால் இரண்டு வட்டு. எம்பி3 ஆக்கி 320 கிலோபிட்டில் வைத்தால் ஒரு சிடியில் 5 மணி நேரம், 128-இல் வைத்தால் ஏறத்தாழ 12¾ மணி நேரம்.

கடையில் 90 நிமிடம், 99 நிமிடம் என்று விற்ற சிடிகளை நம்ப வேண்டாம். 80 நிமிடத்தைத் தாண்டியவை விதிமுறைக்கு வெளியே, சுருள் பாதையை நெருக்கிச் சுற்றிச் செய்யப்பட்டவை. பல பிளேயர்கள் கடைசி நிமிடங்களில் திக்கும்.

சின்ன ஃபைல்கள் தின்னும் இடம்

500 பைட் ஃபைலாக இருந்தாலும் ஒரு முழு செக்டரைப் பிடித்துக்கொள்ளும். 2,049 பைட் ஃபைல் இரண்டு செக்டர். மிச்சம் காலியாகவே கிடக்கும், வேறு ஃபைல் அதில் குடியேற முடியாது. பெரிய வீடியோ நான்கைந்து இருக்கும் ஃபோல்டரில் இது கண்ணுக்கே தெரியாது. சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நிலைமை வேறு. தலா 500 பைட்டில் 20,000 ஃபைல் என்று வையுங்கள். பிராப்பர்ட்டீஸ் 1 கோடி பைட் என்று காட்டும். வட்டில் அவை 4 கோடி பைட் பிடிக்கும். யுடிஎஃப் என்ற முறையில் (வட்டில் ஃபைல்களை அடுக்கும் ஒரு விதம்) எழுதினால் ஒவ்வொரு ஃபைலுக்கும் விவரப் பதிவுக்கென இன்னொரு செக்டர், ஆக 8 கோடிக்கு மேல். எட்டு மடங்கு!

பிராப்பர்ட்டீஸில் 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டாவதாக ஒரு எண் வரும். அதையும் வட்டுக் கணக்குக்கு எடுக்காதீர்கள். அது ஹார்ட் டிஸ்க்கின் கணக்கு. அங்கே வழக்கமாக 4,096 பைட் கட்டங்கள். வட்டில் கட்டம் 2,048.

ஸ்கேன் நிலையங்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. (ஸ்கேனுக்கும் வட்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து வருவதால், ஸ்கேனை இங்கே சி.டி. என்று புள்ளி வைத்து எழுதுகிறோம்.) சி.டி. ஸ்கேனின் ஒரு வெட்டுப் படம் 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட்: 5,24,288 பைட். சொல்லிவைத்தாற்போல் சரியாக 256 செக்டர். ஆனால் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வகை) ஃபைலின் தலைப்பில் நோயாளி விவரமும் கருவி விவரமும் சில ஆயிரம் பைட் சேரும், ஆகவே 258 செக்டர் என்று வைத்துக்கொள்வது சரி. 3,60,000-ஐ 258-ஆல் வகுத்தால் 1,395 படம். அதோடு டாக்டர் திறந்து பார்க்க வியூவர் மென்பொருளும் வட்டிலேயே போக வேண்டும். அது 100 எம்பி என்றால் 198 படத்தின் இடம் போச்சு. 1,200 வெட்டுக்கு மேல் எடுக்கும் பரிசோதனைக்கு சிடி வட்டைத் தேடவே வேண்டாம், நேராக டிவிடிக்குப் போய்விடலாம். இடம் போதவில்லை என்று டைகாம் ஃபைல்களை ஸிப் செய்து கொடுப்பது தவறு. மருத்துவமனைக் கணினி வட்டைச் செருகியதும் டைகாம் பட்டியலைத் தேடும், ஸிப்பைக் கண்டால் வட்டு காலி என்றே சொல்லும்.

தவணையில் எழுதினால்

இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று ஒரே வட்டில் சேர்த்து எழுதுவதை செஷன் என்கிறார்கள். சிடியில் முதல் செஷனை மூடி அடுத்ததைத் திறக்க 11,400 செக்டர் செலவு: முடிவுப் பகுதிக்கு 6,750, அடுத்த தொடக்கப் பகுதிக்கு 4,500, இடைவெளிக்கு 150. 22 எம்பிக்கு மேல், ஒரு ஃபைலும் எழுதாமலே. அதன் பிறகு ஒவ்வொரு செஷனுக்கும் 6,900 செக்டர், 13.5 எம்பி. தினம் ஒரு சின்ன பில் ஃபைலை சிடியில் சேர்த்து வந்த கடைக் கணக்கு, ஐம்பது நாளைத் தாண்டாமலே வட்டை நிரப்பிவிடும், உள்ளே ஃபைல்கள் 10 எம்பிகூட இல்லாவிட்டாலும். டிவிடி-ஆர் வட்டில் முதல் செஷனை மூடுவது சிடியைவிட அதிக இடம் தின்னும்.

விண்டோஸ் வட்டைச் செருகியதும் 'யுஎஸ்பி டிரைவ் போல' என்றும் 'சிடி/டிவிடி பிளேயருக்கு' என்றும் இரண்டு வழி கேட்கும். முதல் வழியில் இழுத்துப் போட்டு அழிக்கலாம் என்பது வசதிபோலத் தெரியும். ஒருமுறை எழுதும் வட்டில் அழித்தால் பெயர்தான் மறையும், இடம் திரும்பி வராது. திரும்பத் திரும்ப எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வட்டில் இந்த முறை இன்னும் விலை கேட்கும்: 32 செக்டர் எழுத 7 செக்டர் இணைப்புக்குப் போகிறது. 700 எம்பி வட்டில் 570 எம்பி அளவுதான் கைக்கு வரும். கோர்ட்டுக்கோ மருத்துவருக்கோ கொடுக்கும் வட்டுக்கு இரண்டாம் வழி ஒன்றே சரி: எல்லா ஃபைலையும் சேர்த்து, ஒரே தடவையில் எழுதி, மூடிவிடுவது.

இடம் இருந்தும் ஏறாத ஃபைல் ஒன்று உண்டு. ஒற்றை வீடியோ ஃபைல் 4,29,49,67,295 பைட்டைத் தாண்டினால், பழைய ஐஎஸ்ஓ 9660 என்ற அடுக்கும் முறையில் அதன் அளவை எழுதவே இலக்கம் போதாது. 32 பிட்டில் அவ்வளவுதான் எண்ண முடியும். பெரிய ஃபைலைத் துண்டாகப் பதியும் வழி அந்த முறையில் பிற்பாடு சேர்ந்தாலும் பல கணினிகள் அதைச் சரியாகப் படிப்பதில்லை. யுடிஎஃப் தேர்ந்து எழுதினால் தீர்ந்தது.

கல்யாண வீடியோவின் நேரக் கணக்கு

டிவிடி பிளேயரில் ஓடும் வட்டுக்கு ஃபைல் அளவை முன்பே நாம்தான் தீர்மானிக்கிறோம். எவ்வளவு நேரம், விநாடிக்கு எத்தனை பிட் என்ற இரண்டே எண்கள். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே வட்டின் பைட்டை 8-ஆல் பெருக்கி விநாடியால் வகுக்க வேண்டும்.

முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், சேர்ந்து 2 மணி 45 நிமிடம் என்று வையுங்கள். 9,900 விநாடி. வட்டில் 440 கோடி பைட் மட்டும் பயன்படுத்துவோம் (ஏன் 470 வரை போகவில்லை என்பது கீழே வருகிறது). 440 கோடி × 8 ÷ 9,900 = விநாடிக்கு 35.5 லட்சம் பிட். படத்தையும் ஒலியையும் பின்னும் செலவுக்கு 4 சதவீதம் தள்ளினால் 34.1 லட்சம். ஒலிக்கு டால்பி முறையில் 2.24 லட்சம் போனால், படத்துக்கு மிஞ்சுவது 31.9 லட்சம். 720-க்கு 576 அளவுள்ள நம் ஊர்ப் பால் (PAL) முறை வீடியோவுக்கு இது குறைச்சல். மேடை விளக்கும் பட்டுப்புடவை ஜரிகையும் சேர்ந்து வரும் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடையும். ஒலியை எல்பிசிஎம் என்ற சுருக்காத முறையில் விட்டால் அது மட்டுமே 15.36 லட்சம் பிட் தின்னும். படத்துக்கு 18.7 லட்சம்தான். இந்த ஒரு அமைப்பை மாற்ற மறந்ததால் கெட்டுப்போன கல்யாண டிவிடிகள் எத்தனையோ.

படத்துக்கு 60 லட்சம் பிட் கொடுத்தால் ஒரு வட்டில் ஒன்றரை மணி நேரம் நன்றாக இருக்கும். ஆகவே வரவேற்பு ஒரு வட்டு, முகூர்த்தம் ஒரு வட்டு. பிட்டைக் கூட்டுகிறேன் என்று 98 லட்சத்தைத் தாண்டாதீர்கள்; டிவிடி வீடியோ விதியில் படத்துக்கு அதுதான் உச்சம்.

சிசிடிவி பதிவுக்கும் இதே வகுத்தல்தான். 40 லட்சம் பிட்டில் பதியும் கேமரா மணிக்கு 180 கோடி பைட் சேர்க்கும். முழு டிவிடிக்கு 2 மணி 36 நிமிடம். ஆனால் சிசிடிவியில் பிட்டைக் குறைத்து மறுபடி என்கோட் செய்து இடம் பிடிக்கக் கூடாது. அந்த நொடியே அது வேறு ஃபைல் ஆகிவிடும்.

வட்டின் விளிம்பு

எழுதிய டிவிடியைத் திருப்பி, டியூப் லைட் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு வளையம் வரை நிறம் மாறியிருக்கும், அதற்கு வெளியே எழுதாத பகுதி. ஊதா நிறத்தில் அந்த எல்லை கோடு போட்டாற்போல் தெரியும். எழுத்து எப்போதும் உள்ளிருந்து வெளியே போகிறது. டிவிடியில் மையத்திலிருந்து 24 மி.மீ.யில் தொடங்கி 58 மி.மீ.யில் முடிகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைத்தூரம் 0.74 மைக்ரான். சுருளைப் பிரித்து நீட்டினால் 11.8 கி.மீ., ஏறத்தாழ மதுரை நகர நடுவிலிருந்து விமான நிலையம் வரை!

ஒரு ஸ்கேலை எடுத்து, வட்டின் வெளி விளிம்பிலிருந்து நிற எல்லை வரை அளந்து, வட்டின் முழு ஆரமான 60-இலிருந்து கழியுங்கள். 16 மி.மீ. என்றால் ஆரம் 44. ஆரத்தை வர்க்கமாக்கி 576-ஐ (24-இன் வர்க்கம்) கழித்து 2,788-ஆல் (58, 24 இரண்டின் வர்க்கங்களின் வித்தியாசம்) வகுத்தால், வட்டில் எத்தனை பங்கு எழுதப்பட்டிருக்கிறது என்று வரும். 44-க்கு 1,936; கழித்தால் 1,360; வகுத்தால் 0.488. ஏறத்தாழ 2.3 ஜிபி. கண்ணுக்கு 34 மி.மீ. பட்டையில் 20 மி.மீ. போய்விட்டதுபோலத் தெரியும், உண்மையில் பாதிக்கு மேல் காலி. வெளிச் சுற்று நீளமானது என்பதால் அதே அகலத்தில் அதிகம் பிடிக்கிறது. வட்டு ஏற்கனவே மூடப்பட்டிருந்தால் அந்தக் காலி இடம் இனி உதவாது. இன்னொன்று: நீரோ என்ற எழுதும் மென்பொருளின் உயர் பொருத்த முறையில் எழுதினால் குறைந்தது 1 ஜிபி நிரப்பப்படும், ஆகவே மிகச் சின்ன வளையங்களை வைத்து அளவைச் சொல்லக் கூடாது.

இந்த வர்க்கக் கணக்கு இன்னொரு உண்மையையும் காட்டுகிறது. கடைசி 5 மி.மீ.யில் மட்டும் வட்டின் ஐந்தில் ஒரு பங்கு டேட்டா இருக்கிறது. கடைசி 2 மி.மீ.யில் 38.5 கோடி பைட். வட்டில் மோசமான இடமும் அதுவே. டேட்டா பதியும் சாயத்தைச் சுழற்றிப் பூசும்போது விளிம்பில்தான் தடிமன் சீராக அமைவது கடினம். டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டியது. ஒட்டு விடுவதும் ஈரம் புகுவதும் விளிம்பில். கைவிரல் பிடிப்பதும் அங்கேதான். சுழலும்போது அதிகம் ஆடுவதும் அங்கேதான். 16 வேகத்தில் எழுதும் டிரைவ் தன் உச்ச வேகத்தை எட்டுவதும், போறாததற்கு, அந்த விளிம்பில்.

அதனால்தான் 440 கோடி பைட்டில் நிறுத்தச் சொல்கிறோம். அப்படி நிறுத்தினால் விளிம்பில் ஒன்றரை மி.மீ. தொடப்படாமல் இருக்கும். விண்டோஸ் கணக்கில் 4.1 ஜிபி. 16 வேக வட்டை 8-இல் எழுதுங்கள். கூடுதலாகச் செலவாவது இரண்டு மூன்று நிமிடம்தான். எழுதிய வட்டை அக்னி நட்சத்திர வெயிலில் காருக்குள்ளும் பைக் பெட்டிக்குள்ளும் விடாதீர்கள். சாயம் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்காது.

எழுதும் முன் அளப்பது

இம்ஜ்பர்ன் மென்பொருளில் பில்ட் பகுதியில் ஃபைல்களைச் சேர்த்து, எழுதும் முன் கால்குலேட் பொத்தானை அழுத்தினால், ஃபைல் முறையின் செலவும் செக்டர் முழுமையாக்கலும் சேர்ந்த உண்மையான அளவு வரும். எந்த வகை வட்டு குறைந்தபட்சம் வேண்டும் என்றும் அங்கேயே சொல்லும். வெற்று வட்டைச் செருகினால் அதன் ஃப்ரீ செக்டர்ஸ் எண் தெரியும். முதல் எண் இரண்டாவதைவிடக் குறைவா என்று பார்த்தால் போதும், ஜிபி பேச்சே எழாது. வேறு மென்பொருள் என்றால் முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாகச் செய்து, அதன் பைட் அளவை 2,048-ஆல் வகுங்கள். மீதி வராமல் வகுபடும். வகுபடாவிட்டால் அந்த ஐஎஸ்ஓ பாதியில் நின்றுபோனது, எழுதாதீர்கள்.

எழுதி முடிந்ததும் வெரிஃபை கட்டாயம். கோர்ட்டுக்குப் போகும் வட்டில் அது போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பு (ஃபைலின் கைரேகை போன்ற எண்) எழுத இடம் இருக்கிறது. விண்டோஸிலேயே உள்ள சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளை எஸ்எச்ஏ256 மதிப்பைக் கணக்கிட்டுத் தரும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஃபைலுக்கு ஒருமுறை, வட்டை வெளியே எடுத்து மறுபடி செருகி வட்டில் இருக்கும் ஃபைலுக்கு ஒருமுறை எடுத்து, 64 எழுத்தும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டை எடுக்காமலே சரிபார்த்தால் சில சமயம் கணினி தன் நினைவகத்தில் இருப்பதையே படித்துக் காட்டிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன 4.5 ஜிபி ஃபோல்டருக்கு இரண்டு டிவிடி. ஸிப்பாக அறுக்காமல், டிவிஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) கொடுத்த ஃபைல்களை நேர வரிசையிலேயே பாதிப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி ஹேஷ் எடுத்து, வட்டின் மேல் '2-இல் 1', '2-இல் 2' என்று சிடி மார்க்கரால் எழுதினால் முடிந்தது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 242 கோடி பைட் இருக்கும். திருப்பிப் பிடித்துப் பார்த்தால், நிறம் மாறிய வளையம் வெளி விளிம்புக்கு 15 மி.மீ. முன்பே நின்றிருக்கும்.